கொட்டகலை ஓடைப் பன்னமும் காற்றுக்கு நின்ற சைப்பிரஸும்

யாழ்ப்பாணம், வியாழக்கிழமை மாலை

இரவு மெயில் ரயில் புறப்பட இன்னும் நேரம் இருக்கும்போதே என் கணவர் கட்டுச்சோற்றை அவிழ்த்துவிட்டார். பயணம் என்றால் அவருக்கு அது சாப்பாட்டில்தான் தொடங்கும். புளிச்சாதத்தின் நடுவே திடீரென்று நிமிர்ந்து, "இஞ்சரும், உண்மையைச் சொல்லும். ஒரு கீரையைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் போறம்?" என்று கேட்டார்.

"கீரை இல்லை, பன்னம்" என்றேன். ஒரு வாரமாக இதே திருத்தம்தான்; பன்னம் என்பது பெரணி, பூக்காத செடி.

1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறை அது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் தாவரவியல் படிப்பிக்கிறேன். இவர் கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், எழுதுவினைஞர். எங்கள் பாடசாலை விடுதியில் தங்கி என்னிடம் படித்தவள் கமலவேணி. கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை, அதாவது மலையில் நின்று வேலையை மேற்பார்வை பார்ப்பவர், அவளுடைய தகப்பன். இப்போது அவள் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அதற்கு முந்தின மாதம் ஒரு காய்ந்த இலைத் துண்டை உறையில் வைத்து எனக்கு அனுப்பியிருந்தாள். கூடவே செய்தியும் இருந்தது. தோட்டத்து ஓடை ஒன்றில் இந்த இலையுள்ள மரப்பன்னங்கள் நிற்கின்றன. ஆகஸ்ட் முடிவதற்குள் ஓடைக் காட்டை வெட்டி வெளியாக்கி, அங்கே சைப்பிரஸ் நடப்போகிறார்கள். தெரிந்தவர் யாராவது வந்து இது அபூர்வம் என்று சொன்னால் யோசிக்கலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருக்கிறார்.

இலைத் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததும் இவரை ரயில் சீட்டு எடுக்க அனுப்பினேன். மலைநாட்டில் மரப்பன்னங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இலைத்தண்டு முழுக்க வெளிர்பொன் நிறத்தில் நீண்ட செதில் மயிர் போர்த்த இந்த இனம் எங்கோ ஒரு சில ஈர ஓடைகளில் மட்டும் மறைந்து வாழ்வது. நான் கல்லூரியில் படித்த நாளில் காகிதத்தில் ஒட்டி வைத்த ஒற்றை இலையைத்தான் கண்டிருக்கிறேன். உயிரோடு கண்டதில்லை.

சைப்பிரஸைப் பற்றியோ சொல்ல எதுவுமில்லை. நுவரெலியாவுக்குப் போய் வந்த எவரையும் கேளுங்கள், கூம்பு மாதிரி உயர்ந்து, தெருவோரம் எல்லாம் வரிசையாக நிற்கும் அந்த மரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். வெள்ளைக்காரன் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டது. ஆயிரக்கணக்கில் நிற்பது. அதற்கு இடம் கொடுக்க இதை வெட்டுவதா என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை, மலை ரயில்

விடியப் பொல்காவலையில் இறங்கிப் பதுளை ரயிலுக்கு மாறினோம். ரம்புக்கனை தாண்டியதும் ரயில் நடக்கத் தொடங்கியது. ஓடியது என்று எழுதினால் பொய்யாகும். கடுகண்ணாவை ஏற்றத்தில் சாளரத்துக்கு வெளியே கை நீட்டிப் பூப்பறிக்கலாம் போல இருந்தது. இவர் பறித்தே விட்டார். நாவலப்பிட்டியில் பின்னால் இன்னுமொரு எஞ்சினைக் கோத்தார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, இரண்டும் மாறி மாறிப் பெருமூச்சு விட்டன.

வட்டவளையில் மழை எங்களுக்காகக் காத்திருந்தது. இரண்டு பக்கமும் தேயிலை. சீப்பால் வாரிவிட்ட தலை மாதிரி வரிசை வரிசையாக, மலையின் உச்சிவரை. எதிர் இருக்கையில் உடப்புசல்லாவைக்குப் போகும் ஓர் அம்மாள் மடியில் கோழிக்கூடையோடு இருந்தாள். என் பருத்திச் சேலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்கிட்டுப் போறீங்க? கம்பளி கொண்டாரலையா?" என்று கேட்டாள்.

கொண்டுவரவில்லை என்றேன்.

"அடியாத்தீ! ஆவணிக் காத்துல பறந்துருவீங்களே" என்று சொல்லி, கூடைக்கு மேல் போர்த்தியிருந்த சாக்கை உருவி என் தோளில் போட்டுவிட்டாள். கோழி என்னை முறைத்தது. ஹட்டன் தாண்டியும் நான் அந்தச் சாக்கைக் கழற்றவில்லை. அதன் பிறகு சுரங்கம் வந்தது. இருட்டும் புகையும் ஓய்ந்து வெளிச்சத்துக்கு வந்தபோது கொட்டகலை மேகத்துக்குள் நின்றது. சாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

நிலையத்துக்கு வெளியே முஸ்லிம் ஒருவரின் துணிக்கடை. நானா என்றுதான் ஊரில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினோம், ஆறு ரூபாய். இவர் தனக்கு ஒரு சாம்பல் நிறத் தொப்பி எடுத்து, கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்த்து, தானே சிரித்துக்கொண்டார்.

"தொரை மாதிரியே இருக்கீங்க சேர்" என்றார் நானா. "ஆனா ஒண்ணு. மேட்டுப் பக்கம் போனா கையால புடிச்சுக்கங்க. போன மாசம் நான் வித்த தொப்பியில பாதி இப்ப தேயிலைக்குள்ள கிடக்கு."

இவர் அதை வியாபாரப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

தோட்டத்துக்கு நாலு மைல். பெயர் வேண்டாம், துரை இன்னும் அங்கேதான் இருக்கிறார். வாடகைக் கார் ஏற்றத்தில் முக்கி முக்கிப் போனது. கடைசி மைல் முழுக்க இரண்டு பக்கமும் முதிர்ந்த சைப்பிரஸ்கள். நாலு பேர் கைகோத்தால்தான் ஒன்றைக் கட்டிப்பிடிக்கலாம். மேகம் கிளைகளில் சிக்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. இவர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கியே விட்டார்.

"இதெல்லோ மரம்!" என்று அண்ணாந்தார். "மரம் எண்டால் இப்படி நிக்கவேணும். நாலு பேருக்கு ஒதுங்க இடம் தரவேணும். உம்மடை கீரைக்குக் கீழே ஆர் ஒதுங்கிறது, தவளையோ?"

"உங்கடை மரம் எந்த மூலையிலும் நிக்குது. என்ரை பன்னம் இஞ்சை மட்டுந்தான் இருக்கு" என்றேன்.

டிரைவருக்கு எங்கள் சண்டை பிடித்துவிட்டது போல. "ஐயா சொல்றதும் சரி, அம்மா சொல்றதும் சரிங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தூரத்தை இன்னும் மெதுவாக ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை, பீலியடி

கமலவேணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தகப்பனுடைய சிறிய வீடு. தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் இஞ்சி போட்ட தேநீரும் வந்தன. இவர் மூன்றாவது ரொட்டியில் கீரையை மறந்துவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் கணக்கப்பிள்ளை எங்களை முதலில் ஓடைக்குக் கூட்டிப்போகவில்லை, லயத்துக்குக் கூட்டிப்போனார். தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் நீண்ட வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். அதன் முனையில் ஒரு பீலி. மலையிலிருந்து வரும் தண்ணீர் ஒரு தகரக் குழாய் வழியாக வந்து, கை பருமனில் இடைவிடாமல் விழுகிறது. குடங்களோடு பெண்கள் நின்றார்கள்.

"லயம் முழுக்க இந்த ஒரு தண்ணிதான் டீச்சர்" என்றார் கணக்கப்பிள்ளை. "அந்த ஓடையிலேருந்துதான் வருது. காடு வெட்டி வெளியாக்கினா மாசியில இது நின்னுரும். பக்கத்துத் தோட்டத்துல அப்பிடித்தான் ஆச்சு. பொம்பளைங்க ஒரு மைலு நடக்குறாங்க. தொரைகிட்ட தண்ணின்னு சொன்னேன், குழாய் போட்டுத் தாறேங்குறாரு. எப்பன்னு கேட்டா பதில் இல்ல. செடி அபூர்வம்னு எம்மக சொன்னப்பதான் கொஞ்சம் காது குடுத்தாரு. பூச்செடி, பூக்கண்காட்சின்னா அவருக்கு உசிரு."

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஓட்டுத்தான் போச்சு. பீலியாவது இருக்கட்டும்."

சுதந்திரம் வந்த கையோடு தோட்டத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் சட்டம் போட்டுப் பறித்திருந்தார்கள். அந்தச் சிரிப்பில் சேர்ந்து சிரிக்க எங்கள் இருவராலும் முடியவில்லை. ஒரு செடியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இத்தனை குடங்கள் அந்தச் செடிக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது.

சனிக்கிழமை காலை, ஓடை

லயத்துக்குப் பின்னால் ஏறி, தேயிலை முடியும் இடத்தில் நாணலை விலக்கினால் ஓடை. இரண்டு மலைகளின் இடுக்கு. உள்ளே இறங்கியதும் காற்று நின்றது. வெளியே என் புதுச் சால்வை என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. உள்ளே அதன் ஒரு நூலும் அசையவில்லை. எங்கும் பாசி, சொட்டுத் தண்ணீர், தவளைச் சத்தம்.

நின்றன. பத்துப் பன்னிரண்டு மரங்கள். கரிய ஒல்லியான அடி, உச்சியில் பத்தடி நீள இலைகள் குடையாக விரிந்திருந்தன. இலைத்தண்டுகளின் அடியில் பொன்மயிர். வெளிச்சம் இலை வழியாகப் பச்சையாக வடிந்து எங்கள் முகத்தில் விழுந்தது. நான் ஒரு கல்லில் இருந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன். பூ என்று ஒன்று உலகத்தில் தோன்றுவதற்கு முன்பே தோன்றிய குலம் இது. பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. இலையின் அடிப்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து உதிரும் தூசிதான் அதன் பிள்ளை. அந்தத் தூசி ஈரத்தில் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எத்தனை லட்சம் தூசியில் இந்தப் பத்துப் பன்னிரண்டு!

இவர் பக்கத்தில் வந்திருந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது.

"சைப்பிரஸுக்கு என்ன?" என்று நான் கணக்கப்பிள்ளையிடம் பொரிந்தேன். "அது வெளியூர் மரம். கொண்டுவந்து எங்கே நட்டாலும் வளரும். அதை ஆரும் தேடிப் போறதில்லை."

அவர் கோபப்படவில்லை. "அப்ப அது நம்ம ஆளுதான் டீச்சர்" என்றார். "நம்மளையும் வெளியூருலேருந்துதான் கொண்டாந்தாங்க. நட்ட எடத்துல நிக்கிறோம், காத்த வாங்கிக்கிட்டு."

எனக்கு முகம் சுட்டது. அதற்குப் பிறகு சைப்பிரஸைத் திட்ட வாய் வரவில்லை. பன்னம் இந்த மண்ணில் பிறந்தது, அபூர்வம். சைப்பிரஸ் வந்து சேர்ந்தது, எங்கும் நிற்பது. இதில் ஒன்றை உயர்த்த மற்றதைத் தாழ்த்தத்தான் வேண்டுமா என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

இவர் அந்த நேரத்தில் தனியாக மேட்டுக்கு ஏறிவிட்டார், உச்சியிலிருந்து சைப்பிரஸ் வரிசை எப்படித் தெரிகிறது என்று பார்க்க. கால் மணி நேரத்தில் வெறுந்தலையோடு திரும்பினார். தொப்பி பறந்துவிட்டதாம். துரத்திக்கொண்டு ஓடினாராம். அது இவரைவிட நன்றாக ஓடியதாம்.

"மேட்டிலை நிக்கேலாது" என்றார் மூச்சு வாங்க. "தேயிலைச் செடியெல்லாம் ஒரு பக்கம் சரிஞ்சு, முழங்கால் உயரந்தான். பாவமாய்க் கிடக்கு." கமலவேணி சிரிப்பை அடக்கத் தேநீர் போட உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அலங்கார வளைவு

துரை ஓடையைப் பார்க்கக் காலையில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன். பள்ளிக்கூட வாசலில் பெரிய வளைவு ஒன்று நின்றது.

மலையில் மாவிலை இல்லை, தென்னோலை இல்லை. கோயில் திருவிழாவுக்கு நாவலப்பிட்டியிலிருந்து லொறியில் வரும். திடீரென்று வருகிற விருந்தாளிக்கு ஏது? ஆகவே லயத்தில் ஒரு வழக்கம்: மலையில் கிடைக்கிற இலையை வைத்தே வளைவு கட்டுவார்கள். கால் இரண்டுக்கும் சைப்பிரஸ் கொப்பு. மேல் வளைவுக்குப் பன்ன இலை. இது சாதாரண வளைவு இல்லை, மிகவும் அழகாக இருந்தது. பத்தடி நீள இலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அடித்தண்டில் பொன்மயிர் மின்ன.

கிட்டப் போய் அந்த மயிரைத் தொட்டுப் பார்த்தேன். ஓடைப் பன்னமேதான்.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி போன்ற முத்தாயி அக்கா பூரிப்போடு வந்தாள். "எப்பிடி டீச்சர்? விடிய முன்னாடி போயி வெட்டியாந்தோம். நீங்க யாழ்ப்பாணத்துலேருந்து இந்த எலையப் பாக்கத்தானே ஆசப்பட்டு வந்தீங்க? நேத்து அழுதீங்கன்னு வேற கணக்கப்பிள்ளை சொன்னாரு. வேற எதைக் கட்டுறது? ஒண்ணு விடாம உங்களுக்கே கொண்டாந்துட்டோம்."

விருந்தாளிக்கு எது பிடிக்குமோ அதை முழுவதுமாக முன்னால் வைப்பது. எங்கள் ஊரிலும் அதுதானே விருந்து? அவள் முகத்தைப் பார்த்து ஒரு கடுஞ்சொல் சொல்ல என்னால் முடியவில்லை. "யார் வெட்டினது?" என்று மட்டும் கேட்டேன்.

"கவ்வாத்துக்காரங்கதான்."

 கவ்வாத்து என்றால் தேயிலையின் தலையை மட்டமாக வெட்டி மொட்டையாக்குவது. தேயிலை அதற்குப் பிறகு முன்னிலும் நன்றாகத் துளிர்க்கும். அதுதான் இவர்கள் வாழ்நாள் முழுக்கக் கண்ட நியாயம். ஆனால் மரப்பன்னத்துக்கு உயிர் உச்சிக்குருத்தில். தலையை எடுத்தால் அந்த மரம் முடிந்தது. நானும் கமலவேணியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்கு ஓடினோம். வழியில் இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன்.

குடைகள் இல்லை. பத்துப் பன்னிரண்டு கரிய கம்பங்கள் மட்டும் வெறுமையாக நின்றன. நான் மெதுவாக அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும், பொன்மயிர் போர்த்த சுருள்கள், மூடிய கைமுட்டிகள் போல, நாலும் ஐந்துமாக அப்படியே இருந்தன. இலைகள் மறைத்திருந்ததால் நேற்று அவற்றை நான் சரியாகக் காணவே இல்லை.

பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த முத்தாயி அக்கா, என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னாள்: "தலையையும் எடுக்கத்தான் பாத்தானுங்க டீச்சர். நான்தான் வுடல. பச்சப்புள்ள கையாட்டம் சுருட்டிக்கிட்டு இருக்குது, அதப் போயி வெட்டுறதாடான்னு ஏசினேன். தப்புங்களா?"

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் சேற்றில் பாதி அவள் சேலைக்குப் போனது. "தப்பில்லை" என்றேன். "தப்பேயில்லை. இரண்டு மழைக்குள்ளை எல்லாம் விரிஞ்சிடும். ஆனால் இனிமேல் வேண்டாம், என்ன?"

"ஆத்தா மேல ஆணை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, துரை

நாங்கள் திரும்பியபோது துரை வளைவின் கீழ் நின்றிருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், காக்கிக் காற்சட்டை, கையில் தடி, தலையில் பெரிய தொப்பி. என் கணவர் அவரோடு சைப்பிரஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், கல்யாண வீட்டில் சம்பந்தியோடு பேசுவது போல. ஒத்திகை பார்த்த ஆங்கிலம் எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. சேறு பூசிய சேலையோடு வளைவிலிருந்து ஓர் இலையை இழுத்து அவரிடம் நீட்டினேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மரத்தில் இருந்திருந்தால் இருபதடி உயரத்தில் இருக்க வேண்டிய இலை இது. ஏணி இல்லாமல் அடிப்பக்கப் புள்ளியை யாருக்கும் காட்ட முடியாது. இப்போதோ துரையின் மூக்குக்கு நேரே தொங்குகிறது. பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். புள்ளிகளைக் காட்டினேன், பொன்மயிரைக் காட்டினேன், சாதாரண மரப்பன்னத்தின் இலையை வேலியோரத்திலிருந்து பிடுங்கிப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு ஓடைக்கும் வந்து அந்தப் பொன்சுருள்களைக் கீழே நின்று வெகுநேரம் பார்த்தார்.

"அபூர்வம்தான்" என்றார் ஆங்கிலத்தில். "சந்தேகமில்லை. ஆனால் அம்மணி, என் நாற்றுமேடையில் சைப்பிரஸ் கன்றுகள் தயாராக நிற்கின்றன. காற்றுத் தடுப்பு நடும்படி கொழும்பிலிருந்து உத்தரவு. தேயிலை இல்லாத நிலம் இது ஒன்றுதான். நான் எங்கே நடுவது?"

 அபூர்வம் என்ற சொல்லை நம்பித்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன்; அந்தச் சொல் செலவாகிவிட்டது, ஓடை இன்னும் மீளவில்லை. கமலவேணி தகப்பனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அப்போது என் கணவர் தொண்டையைக் கனைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார். துரையின் முன்னால் தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தார். சுடர் நிமிர்ந்து, அசையாமல் எரிந்தது.

"காற்று எங்கே, சேர்?" என்று கேட்டார், கச்சேரியில் பழகிய சுத்தமான ஆங்கிலத்தில். "காற்றைத் தடுக்கும் மரத்தைக் காற்றில்லாத இடத்தில் நடுவது அந்த மரத்துக்கு அவமரியாதை. மேட்டுக்கு வாருங்கள். காற்று அங்கே இருக்கிறது. என் தொப்பியும் அங்கேதான் இருக்கிறது."

துரை சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். பிறகு நடந்தார். நாங்களும், கணக்கப்பிள்ளையும், முத்தாயி அக்காவும், லயத்தில் பாதிப் பேரும் பின்னால் ஏறினோம். மேட்டில் இவர் அடுத்த குச்சியைக் கிழித்தார். பற்றவே இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. "தேயிலை இருக்கிறது என்கிறீர்கள், இதுவா தேயிலை?" என்று கூனிப்போன செடிகளைக் காட்டினார். "இந்த விளிம்பில் சைப்பிரஸ் நின்றால் கீழே இருக்கிற மலை முழுக்க நிமிர்ந்துவிடும்."

துரை பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தக் கணத்தில் ஒரு காற்று வந்தது.

பெரிய தொப்பி அவர் தலையிலிருந்து எழுந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, தேயிலைக்கு மேலாகப் பறந்தது. ஆறடி மனிதர் தடியையும் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடினார். பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளை திரும்பி நின்று மலையைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. ஓடிப்போன துரை செடிகளுக்குள் குனிந்தார், நிமிர்ந்தார். ஒரு கையில் பெரிய தொப்பி, மறு கையில் சாம்பல் நிறத் தொப்பி. அதன் பிறகு அவரே முதலில் சிரித்தார், மற்றவர்களுக்கும் அனுமதி கிடைத்தது.

திரும்பி வந்து, கணக்கப்பிள்ளையிடம் தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "கன்னு எல்லாம் இங்கே போடு. நாளைக்கிக் காலையில பெரட்டுல வேலைக்கி ஆள் பிரி. கொழும்புக்கு நான் எழுதுறேன். ஓடைக்கி ஒருத்தரும் கத்தி கொண்டு போகக்கூடாது."

கமலவேணி என் கையை இறுக்கிப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. முத்தாயி அக்கா பீலியடிக்குச் சேதி சொல்ல, எங்களுக்கு முன்னால் இறங்கி ஓடினாள்.

திங்கட்கிழமை, திரும்பும் வழி

கொட்டகலை நிலையத்துக்கு வழியனுப்ப வந்தவர்கள் இரண்டு பரிசு கொண்டுவந்தார்கள். எனக்கு ஒரு பன்னக் கன்று தோண்டித் தரவா என்று முந்தின நாளே கேட்டார்கள். அது ஓடையை விட்டு வராது, எங்கள் வெயிலில் ஒரு நாள் தாங்காது என்று மறுத்துவிட்டேன். ஆகவே எனக்கு ஒரு பை தேயிலை. மற்றது ஒரு வெறும் மாவுத் தகரத்தில் சாண் உயரச் சைப்பிரஸ் கன்று.

"சாருக்கு" என்றார் கணக்கப்பிள்ளை. "நாற்றுமேடையில மிச்சமிருந்துச்சு."

இவர் அதைப் பொல்காவலை வரை மடியிலேயே வைத்திருந்தார். கடுகண்ணாவை இறக்கத்தில் ஒரு கையால் தொப்பியையும் ஒரு கையால் தகரத்தையும் பிடித்திருந்ததால், கட்டுச்சோற்றை நான்தான் ஊட்டிவிட வேண்டியிருந்தது. பெட்டி முழுக்க எங்களைப் பார்த்தது.

யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. வேலிக்கு வேலி பனை. இவ்வளவு காலமும் நான் நிமிர்ந்து பார்க்காத பனை. எங்கள் மண்ணில் காற்றுக்கும் வெயிலுக்கும் நின்று பிடிப்பது அதுதான். எங்கும் நிற்பதால் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. அன்று கொஞ்சம் நின்று பார்த்தேன்.

இதை எழுதும்போது பங்குனி பிறந்துவிட்டது. சென்ற வாரம் கமலவேணியின் கடிதம் வந்தது. பன்னங்கள் எல்லாம் மறுபடி குடை விரித்துவிட்டன. மேட்டுக் கன்றுகளில் சில காற்றுக்குப் போயின, மற்றவை பிடித்துக்கொண்டன. இப்போது விருந்தாளி வளைவுக்குச் சைப்பிரஸ் கொப்பும் காகிதப் பூவும்தான். முத்தாயி அக்கா ஓடைப்பக்கம் யாரையும் விடுவதில்லை. மாசி முழுக்க ஒரு சொட்டு மழையில்லை. பீலியில் தண்ணீர் அதே கை பருமனில் விழுகிறது.

கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது கிணற்றடியில் பேச்சுக் குரல் கேட்டது. தகரத்துக் கன்று அங்கேதான், வாழை நிழலில், ஓலை மறைப்புக்குள் நிற்கிறது. ஒரு முழம்கூட வளரவில்லை. காலையும் மாலையும் இவர் வாளியோடு அதன் முன்னால் நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதென்ன ஐயா, இதுக்குப் போய் இவ்வளவு தண்ணியோ? ஒரு காக்கா இருக்கவும் நிழல் இல்லை" என்று கேட்டார்.

என் கணவர் நிமிர்ந்து நின்று பதில் சொன்ன குரல் அடுப்படி வரை கேட்டது.

"உமக்கென்ன தெரியும்? யாழ்ப்பாணத்திலை இது ஒண்டே ஒண்டுதான் இருக்கு!"